நோய்க்கு மருந்தும் நாய்க்கு மருந்தும்: முதிய வளர்ப்பு விலங்குகளுக்கான புதிய மருந்துகளை எடைபோடுதல்



மொழியியலைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவன் கால்நடை மருந்தைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லேன். எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று இவ்வுரை கூறாது. அதைக் கூற வேண்டியவர் உங்கள் விலங்கைத் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர். ஆயினும், அவர் கூறியதைக் கேட்டுச் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த விடைக்கு முன்னால் சில சொற்கள் இருக்கின்றன. அச்சொற்களைத் தவறாகப் புரிந்துகொண்டால் முடிவும் தவறிவிடும். இப்பொருளில் ஒரு மொழியியலாளனுக்கு இடம் உண்டென்றால் அது அங்கேதான்.

இவ்வுரைக்கு வித்திட்டவர் என் அண்டை வீட்டு அம்மையார். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்ட பின் ஈப்போவுக்குக் குடிவந்தவர். பிள்ளைகள் வெளியூரில் இருக்கின்றனர். வீட்டில் அவருக்குத் துணை 13 வயது நாய் ஒன்று. அதன் பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துபோயின. வாசற்படி ஏற முடியாமல், இரவில் முனகத் தொடங்கியது. மருத்துவர் புதிதாக வந்துள்ள வலிமருந்து ஒன்றைப் பற்றிக் கூறி, ஒரு தாளைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு வரும்படி சொல்லியிருந்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மையார் அதை என்னிடம் நீட்டி, "ஐயா, இது அதுக்கு ஆவுமா ஆவாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

தாளைப் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்ல என்னால் இயன்றது. 'பாதுகாப்பானது', 'பக்க விளைவுகள் அரிது', 'சில விலங்குகளில் வாந்தி காணப்படலாம்' என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி ஐயா, நம்ம நாய்க்கு?" என்றார். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அதில் விடையும் இல்லை. ஏன் இல்லை என்று ஆராய்ந்ததன் பயனே இவ்வுரை.

1. ஓர் உருபு, இரு பொருள்

'நோய்க்கு மருந்து', 'நாய்க்கு மருந்து' என்னும் இரு தொடர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரெழுத்தே வேறுபாடு. இரண்டிலும் வந்திருப்பது 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு. இவ்வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என ஏழு பொருள்களை நன்னூலார் வகுத்தார். முதல் தொடரில் 'கு' பகைப் பொருளில் நிற்கிறது; மருந்து நோய்க்குப் பகை. இரண்டாம் தொடரில் அது பொருட்டுப் பொருளில் நிற்கிறது. மருந்து நாயின் பொருட்டு.

ஒரு மருந்து நோய்க்குப் பகையாக இருப்பதை ஆய்வினால் காட்டலாம். சில நூறு நாய்களுக்குக் கொடுத்து, வலி குறைந்ததா என்று அளந்தால் அது விளங்கும். அதே மருந்து உங்கள் வீட்டு நாயின் பொருட்டு ஆகுமா என்பது வேறு வினா. அதற்கு அந்த நாயின் வயது, சிறுநீரகம், கல்லீரல், அது ஏற்கெனவே உண்ணும் மருந்துகள் ஆகிய அனைத்தும் தெரிய வேண்டும். விளம்பரமும் விளக்கத்தாளும் பெரும்பாலும் முதல் வினாவுக்கு விடை தருகின்றன. நாம் அதை இரண்டாம் வினாவுக்கான விடையாக எடுத்துக்கொள்கிறோம்.

அம்மையாரின் 'ஆவாது' என்னும் சொல் இவ்வகையில் மிகச் சிறந்த சொல். 'எனக்குக் கத்தரிக்காய் ஆகாது', 'குழந்தைக்கு அந்தப் பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறோம். 'ஆகாது', 'ஒத்துக்கொள்ளாது' என்னும் வினைகள் யாருக்கு என்பதை வேண்டி நிற்பவை. கத்தரிக்காய் ஊருக்கெல்லாம் ஆகாது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. மாறாக, 'இம்மருந்து பாதுகாப்பானது' என்னும் வாக்கியம் யாருக்கு என்பதைச் சொல்லாமலேயே முற்றுப்பெற்றுவிடுகிறது. கேட்பவர் அந்த வெற்றிடத்தில் தம் வீட்டு விலங்கைத் தாமே வைத்துக்கொள்கிறார். ஆகவே, 'பாதுகாப்பானது' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'யாருக்கு?' என்று கேட்பது நம் முதற்கடமை.

2. யாருக்கு?

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் ஒரு வழக்கத்தை அறிவர். டிரஸ்ஸர் நமக்குக் கொடுத்த காய்ச்சல் மாத்திரையில் பாதியை நாய்க்கும் போட்டுவிடுவது. இன்றும் பல வீடுகளில் அது தொடர்கிறது. நாம் நாள்தோறும் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. மனித உடலில் அம்மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் முதன்மையான வழி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. அதனால் அதன் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. ஒரே மாத்திரைகூட ஒரு பூனையைக் கொல்லக்கூடும். நாய்க்கும் அளவு மிகுந்தால் கல்லீரல் கெடும். மனிதருக்குப் பல பத்தாண்டுகளாகப் 'பாதுகாப்பான' மருந்து என்பதற்கு இங்கு எப்பொருளும் இல்லை.

ஒரே இனத்துக்குள்ளும் 'யாருக்கு' என்னும் வினா ஓய்வதில்லை. பூனைகளின் நீரிழிவுக்கு பெக்சாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரையை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் ஏற்றது. ஊசிக்குப் பதில் மாத்திரை என்பதால் பலர் மகிழ்ந்தனர். ஆயினும், முன்னர் இன்சுலின் பெற்ற பூனைக்கு அதைக் கொடுக்கலாகாது என்னும் கடுமையான எச்சரிக்கை அதனுடனேயே வந்தது. கல்லீரலும் சிறுநீரகமும் கணையமும் நலமாக உள்ளனவா என்று முன்னரே சோதிக்க வேண்டும் என்பதும் விதி. நீரிழிவுள்ள பூனை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றுக்கு ஆகும் மருந்து மற்றொன்றுக்கு உயிராபத்து.

இன்னொரு செய்தி இதனினும் சிந்திக்கத்தக்கது. மெலாக்சிகம் என்னும் வலிமருந்தைக் குறைந்த அளவில் பூனைகளுக்கு நெடுநாள் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இசைவளித்தது. அதே மருந்தைப் பூனைகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து இறப்பு நேரலாம் என்னும் கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்கா 2010இல் சேர்த்தது. மருந்து ஒன்றே. கொடுக்கும் அளவு, முறை, அறிக்கைகளை நிறுத்த விதம் ஆகியவை வேறுபட்டதால் தீர்ப்பும் வேறுபட்டது. 'அந்த நாட்டிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்' என்பதோ 'அந்த நாட்டில் எச்சரித்துவிட்டார்கள்' என்பதோ தனியே நின்று எதையும் முடிவு செய்யாது.

'யாருக்கு' என்று கேட்க மறந்ததன் பெரும் விலையைத் தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியா கண்டது. வலியால் வருந்திய மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்டது. மாட்டுக்கு அது ஒத்துக்கொண்டது. இறந்த மாட்டை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீரகம் கெட்டு அவை மடிந்தன. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004இல்தான் வெளிப்பட்டது. இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தன. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளைக் காக்க இன்றும் முயல்கின்றனர். சங்க நூல்களில் 'பாறு' என்று பெயர் பெற்ற பறவை அது. மருந்துக் குப்பியில் அதன் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முதிய விலங்கும் பலவேளைகளில் அவ்வாறு பெயர் எழுதப்படாத ஒன்றுதான். புதிய மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்க முதலில் தேர்ந்தெடுக்கப்படுபவை பெரும்பாலும் இளமையும் நலமும் உள்ள விலங்குகள். மருந்தை வாங்குவதோ மூட்டும் சிறுநீரகமும் தளர்ந்த முதுமை. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பின்னரே குருதியில் கிரியேட்டினின் அளவு உயரும் என்பர். ஆகவே வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள முதிய நாயின் சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கு மேல் தளர்ந்திருக்கலாம். மருந்துக்கு முன் குருதியோடு சிறுநீரையும் சோதிக்க மருத்துவர் சொன்னால், அது வீண்செலவன்று.

3. எத்தனையில் எத்தனை?

அடுத்து வருவது 'அரிது' என்னும் சொல். நம் பேச்சில் 'அரிது' என்றால் ஏறத்தாழ நடவாது என்று பொருள். மருந்துத் தாளில் அதற்கு அளவு உண்டு. ஐரோப்பிய வழக்கில், பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளில் தோன்றினால் 'மிகப் பரவலானது'. 100இல் 1 முதல் 10 வரை எனில் 'பரவலானது'. 1,000இல் 1 முதல் 10 வரை எனில் 'பரவலல்லாதது'. 10,000இல் 1 முதல் 10 வரை எனில் 'அரியது'. 10,000இல் ஒன்றுக்கும் குறைவெனில் 'மிக அரியது'. சாதாரணச் சொற்களைப் போல் தோன்றும் இவை எண்களுக்கு இட்ட பெயர்கள். தமிழாக்குவோர் எண்ணையும் உடன் எழுதாவிட்டால் 'பரவலல்லாதது', 'அரியது', 'மிக அரியது' என்னும் மூன்றும் கேட்பவர் செவியில் ஒன்றாகிவிடும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு உண்டு.

எண்ணைக் கேட்ட பின்னர் மற்றொன்றையும் கேட்க வேண்டும். பத்தாயிரம் விலங்குகளிலா, பத்தாயிரம் ஊசிகளிலா? மாதந்தோறும் போடும் ஊசியானால் ஓராண்டில் ஒரே நாய் பன்னிரண்டு ஊசி பெறும். ஊசியைக் கொண்டு கணக்கிட்டால் தீங்கு சிறிதாகத் தோன்றும். நாயைக் கொண்டு கணக்கிட்டால் பெரிதாகும். இரண்டும் பொய்யல்ல. எதனால் வகுத்தார்கள் என்பதே வேறுபாடு.

சிறிய ஆய்வில் அரிய தீங்கு தோன்றாது என்பதையும் நினைவில் கொள்ளல் நன்று. 300 விலங்குகளில் ஒரு தீங்கு ஒருமுறைகூடத் தோன்றாவிட்டாலும், அது 100இல் 1 என்னும் அளவில் நிகழக்கூடும் என்பதை மறுக்க இயலாது என்பது புள்ளியியலார் கணக்கு. கார்ப்ரொஃபென் என்னும் மாத்திரை இதற்குச் சான்று. நாய்களின் மூட்டுவலிக்காக 1997இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த அம்மருந்தால் கல்லீரல் பாதிப்புற்ற 21 நாய்களைப் பற்றிய ஆய்வு 1998இல் வெளிவந்தது. அவற்றில் 13 லாப்ரடோர் இனத்தவை. பல்லாயிரம் நாய்கள் உண்ட பின்னரே அது கண்ணில் பட்டது. அம்மருந்து இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் குருதிச் சோதனையோடும் கண்காணிப்போடும் கொடுக்கப்படுகிறது. தீங்கை அறிந்தது மருந்தை ஒழிக்கவில்லை. பயன்படுத்தும் முறையைத் திருத்தியது.

நன்மைக்கும் இதே அளவுகோல் வேண்டும். நாய்களின் மூட்டுத் தேய்வு வலிக்காக வந்த பெடின்வெட்மாப் என்னும் ஊசியை ஐரோப்பாவில் 287 நாய்களிடம் ஆய்ந்தனர். 28ஆம் நாளில், மருந்து பெற்றவற்றில் 43.5 விழுக்காட்டு நாய்களில் சிகிச்சை வெற்றி பெற்றதாகக் கணித்தனர். மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவற்றிலும் 16.9 விழுக்காடு வெற்றி காணப்பட்டது. எளிய சொல்லில் கூறினால், நூறு நாய்களில் ஏறத்தாழ 43 தேறின. அவற்றில் 17 மருந்தில்லாமலே தேறியதாகத் தோன்றியிருக்கும். எஞ்சிய 26 அல்லது 27 நாய்களே மருந்தால் பயன் பெற்றவை. அவ்வளவு நாய்களின் வலி குறைவது பெரும் நன்மையே. ஆனால் 'வலி தீரும்' என்னும் உறுதிமொழி அதில் இல்லை.

4. பிறகா, அதனாலா?

அதே பெடின்வெட்மாபின் பிற்காலக் கதை, காலத்தையும் காரணத்தையும் பிரித்தறியும் பாடத்தைக் கற்பிக்கிறது. லிப்ரெலா என்னும் வணிகப்பெயர் கொண்ட அம்மருந்து, மாதம் ஒருமுறை தோலடியில் செலுத்தப்படும் எதிர்ப்பொருள். வலியைப் பெருக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வது. வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் பழைய மாத்திரைகளின் வழியில் செல்லாமல் வேறு வழியில் செயற்படுவதால், முதிய நாய்களுக்கு ஏற்றதென வரவேற்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2020 நவம்பரிலும் அமெரிக்கா 2023 மே மாதத்திலும் அதற்கு இசைவளித்தன. பூனைகளுக்கான இணைமருந்து ஃப்ருனெவெட்மாப் அமெரிக்காவில் 2022 ஜனவரியில் இசைவு பெற்றது.

2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு மடல் எழுதியது. லிப்ரெலா பெற்ற நாய்களில் தள்ளாட்டம், வலிப்பு, கால் தளர்ச்சி, எழ இயலாமை, சிறுநீரை அடக்க இயலாமை, மிகுந்த தாகம் முதலியவை அறிவிக்கப்பட்டுள்ளன என்றும், சிலவற்றில் இறப்பும் நேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது என்றும் அது கூறியது. இறப்புகளில் கருணைக் கொலைகளும் அடங்கும். 2025இல் அமெரிக்க விளக்கத்தாள் திருத்தப்பட்டது. மருந்து சந்தையிலிருந்து நீக்கப்படவில்லை.

இச்செய்தியை நாம் எவ்வாறு சொல்கிறோம்? 'ஊசி போட்டு நாய் படுத்துவிட்டது' என்போம். இவ்வாக்கியத்தில் 'போட்டு' என்பது வினையெச்சம். தமிழ் வினையெச்சம் இரு பணி செய்யும். 'குளித்துச் சாப்பிட்டான்' என்றால் ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்று மட்டுமே பொருள். குளியல் உணவுக்குக் காரணமன்று. 'மழை பெய்து வெள்ளம் வந்தது' என்றால் மழையே காரணம். ஒரே வடிவம் சில இடங்களில் காலத்தொடர்ச்சியையும் சில இடங்களில் காரணத்தையும் காட்டுகிறது. 'ஊசி போட்டு நாய் படுத்துவிட்டது' என்பதை ஒருவர் 'போட்ட பிறகு' என்னும் பொருளில் சொல்ல, மற்றவர் 'போட்டதால்' என்னும் பொருளில் கேட்கிறார். செய்தி வீதி கடப்பதற்குள் மருந்து கொலைகாரனாகிவிடுகிறது.

மருத்துவருக்குச் செல்லும் அறிக்கைகளும் முதலில் 'போட்ட பிறகு' என்னும் நிலையில் உள்ளவையே. முதிய நாய்க்குத் தள்ளாட்டம் ஊசியின்றியும் வரும். முதுகெலும்பு நோயாலும் மூளைக் கட்டியாலும் வரும். மறுபுறம், மருந்தாலேயே வந்த தள்ளாட்டத்தை 'வயதாகிவிட்டது' என்று சொல்லி அறிவிக்காமல் விட்டுவிடுவதும் நேர்கிறது. ஆகவே அறிக்கைகள் தீர்ப்பாகா, புறக்கணிக்கத்தக்கனவும் ஆகா. ஒரே வகைத் தீங்கு திரும்பத் திரும்ப அறிவிக்கப்படும்போது, அதை ஆராய வேண்டிய கடமை பிறக்கிறது.

இவ்வாராய்ச்சியில் மனித மருத்துவம் தந்த பாடமும் எண்ணத்தக்கது. நரம்பு வளர்ச்சிக் காரணியையே தடுக்கும் டானெசுமாப் என்னும் மருந்து மனிதருக்காக நெடுங்காலம் சோதிக்கப்பட்டது. சிலருக்கு மூட்டு விரைந்து தேய்ந்தது. பழைய வகை வலிமாத்திரையையும் சேர்த்து உட்கொண்டோரிடம் அவ்விடர் கூடியது. 2021இல் அமெரிக்க அறிவுரைக் குழு அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் நிறுவனங்கள் அம்முயற்சியைக் கைவிட்டன. நாய்க்கான மருந்து வேறொரு பொருள். நாயின் வாழ்நாளும் வேறு. மனிதரில் நேர்ந்தது நாயிலும் நேரும் என்று முடிவு கட்டலாகாது. ஆனால் எதைக் கூர்ந்து நோக்க வேண்டும், எதனோடு சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது. நம் முன்னோர் இதற்கு வைத்திருந்த சொல் 'பத்தியம்'. மருந்துண்ணும் காலத்தில் எது கூடாது என்பதே பத்தியம். அச்சொல்லை உணவோடு நிறுத்தாமல் மருந்தோடு மருந்து சேர்தலுக்கும் விரித்தால், தோட்டத்தில் வாழ்ந்த எந்தப் பாட்டிக்கும் அது உடனே விளங்கும்.

5. எதைவிட?

புதிய மருந்தின் இடரைக் கேட்டு அஞ்சி, 'ஒன்றுமே வேண்டாம்' என்று திரும்பிவிடுவோர் உண்டு. ஒன்றும் கொடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வே. அதற்கும் விளைவு உண்டு. வலியால் நடக்காத நாயின் தசை கரையும். தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் குறையும். படுத்தே கிடந்தால் புண் வரும். உறங்காத இரவுகள் விலங்குக்கும் உண்டு. 'இது இடரானது' என்பதும் 'இது நல்லது' என்பதும் எதைவிட என்று சொல்லாதவரை முற்றுப்பெறாத கூற்றுகள். பழைய இலக்கணம் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒப்பையும் வைத்தது. ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லாமல் ஒப்பு இல்லை.

பழைய வலிமாத்திரைகளின் தீங்கு நாம் நன்கு அறிந்தது. அழற்சியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளே இரைப்பையின் சுவரைக் காத்துச் சிறுநீரகத்துக்குக் குருதி செல்லவும் உதவுகிறது. மாத்திரை அதைத் தடுக்கும்போது வலியும் குறைகிறது, காவலும் குறைகிறது. 'பக்க விளைவு' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே செயலின் இரு பயன்கள். நடு எது, பக்கம் எது என்பதை வகுத்தது நம் விருப்பம். ஈப்போவின் நண்பகல் வெயிலில் நீர் குறைவாகக் குடித்த முதிய நாய்க்கு அத்தகைய மாத்திரை கொடுத்தால் சிறுநீரகத்தின் சுமை கூடும். ஆனால் அறிந்த தீங்கைக் கண்காணிக்க வழியுண்டு. புதிய மருந்தின் தீங்குகளில் சில இன்னும் பெயர் பெறாதவை. பழையதை நன்கறிந்த தீங்கோடும் புதியதை முழுதும் அறியாத தீங்கோடும் நிறுக்க வேண்டியிருக்கிறது. எடையைக் குறைத்தல், வழுக்குத் தரையில் பாய் விரித்தல், படிக்குப் பதில் சாய்பலகை வைத்தல் முதலியனவும் தராசில் ஏற வேண்டியவையே.

வயதும் இத்தராசில் ஒரு படிக்கல். பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய தீங்கு இளநாய்க்குப் பெரிது. ஓராண்டே எஞ்சியிருக்கும் கிழநாய்க்குச் சிறிது. நாளையே வரக்கூடிய தீங்கோ கிழநாய்க்குத்தான் பெரிது; தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. முதுமை என்பதால் எதையும் துணிந்து கொடுக்கலாம் என்பதும், எதையும் கொடுக்கலாகாது என்பதும் ஒருங்கே பிழை.

6. வாயில்லா உயிருக்கு வாயாதல்

விலங்கை 'வாயில்லா ஜீவன்' என்போம். தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் ஆற்றல் அதற்கில்லை. அதற்காக நாமே சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். மருந்து தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் ஐந்து செய்திகளை எழுதலாம்: எவ்வளவு உண்டது, எவ்வளவு நீர் குடித்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எழுந்து நடக்க எவ்வளவு நேரமாயிற்று, வாந்தியோ கருநிற மலமோ உண்டா. முன்னைய நிலை எழுத்தில் இருந்தால்தான் பின்னைய மாற்றம் 'பிறகா, அதனாலா' என்று ஆராய இடமுண்டு. முடிந்தால் நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தல் இன்னும் நன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தமிழில் இவ்வாறு தொகுக்கலாம். இம்மருந்து இந்த வயதில் இந்த உறுப்புநிலை உள்ள விலங்குக்கு ஆகுமா? எத்தனை விலங்குகளில் எத்தனைக்கு நன்மை, எத்தனைக்குத் தீங்கு? எவ்வளவு காலமாகப் பயன்பாட்டில் உள்ளது, அண்மையில் எச்சரிக்கை ஏதும் வந்ததா? இதைவிட்டால் வேறு என்ன வழி? இப்போது கொடுக்கும் மருந்துகளோடும் வீட்டு மருந்துகளோடும் சேருமா? ஒத்துக்கொள்ளாவிட்டால் எதைக் கண்டவுடன் உங்களை அழைக்க வேண்டும்? பல மாத்திரைகள் நிறுத்தினால் சில நாள்களில் உடலைவிட்டு நீங்கும். மாத ஊசியைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே கடைசி வினா ஊசிக்கு மிக இன்றியமையாதது.

நம் நாட்டில் கால்நடை மருந்துகளையும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமே பதிவு செய்கிறது. பதிவு எண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும். விலங்கு மருந்தின் எண்ணில் 'எச்' என்னும் எழுத்து வரும். எல்லை தாண்டி வாங்கிய, இணைய அங்காடியில் மலிவாகக் கிடைத்த குப்பிகளில் அது உண்டா என்று பாருங்கள். தீங்கு நேர்ந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். உங்கள் அறிக்கையே நாளை மற்றொரு நாயைக் காக்கும். 1948ஆம் ஆண்டிலிருந்து கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்கிவரும் நகரம் நம் ஈப்போ. இவ்வறிவு நமக்குத் தொலைவில் இல்லை. நம் மொழியில் அது வந்து சேரவில்லை என்பதே குறை.

அம்மையாரின் கதையை முடிக்க வேண்டும். மேற்கண்ட வினாக்களை அவருக்குப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்து, நானும் உடன் சென்றேன். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை கூறினார். கேட்கப்பட்டதில் அவருக்கு மகிழ்ச்சியே. சோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருந்தது தெரிந்தது. தாளிலிருந்த மருந்தை அவரே ஒத்திவைத்து, வேறு முறையில் தொடங்கினார். நாய் முன்போல் ஓடவில்லை; ஆனால் முனகல் குறைந்து உறங்கிற்று. அடுத்த தீபாவளிக்குப் பின்னரே இறந்தது. அந்த முடிவுதான் சரியானதா, புதிய மருந்தைக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று எவராலும் கூற இயலாது. கையெழுத்திட்ட அம்மையார் எதற்காகக் கையெழுத்திட்டோம் என்பதை அறிந்திருந்தார். "நான் தெரிஞ்சுதான் செஞ்சேன் ஐயா" என்று நாயைப் புதைத்த அன்று அவர் சொன்னார். அதற்குமேல் ஒரு மனிதரால் ஒரு விலங்குக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை.

மொழி அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். கலைச்சொல் ஆக்குவதோடு நம் பணி முடிந்துவிடாது. மருந்தகங்களில் வைக்கத்தக்க ஒரு பக்கத் தமிழ்த் தாள், எண்ணோடு கூடிய 'அரிது', 'யாருக்கு' என்னும் உருபோடு கூடிய 'பாதுகாப்பு', 'ஆகும்', 'ஆகாது', 'பத்தியம்' என்னும் நம் சொற்கள், இவை போதும். தோட்டத்தை விட்டு வந்த முதியோர் பலருக்கு இன்று எஞ்சியிருக்கும் துணை ஒரு நாயோ பூனையோதான். அத்துணையின் இறுதிநாள்களைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்கள் கையில் அவர்கள் மொழி இருக்க வேண்டும்.